எக்ஸெல்லில் இல்லாத ஒரு காலம்

ஊரில் இருந்து யார் போன் பண்ணினாலும் கேட்கிற இரண்டாவது கேள்வி இதுதான். "மைசூர் பக்கத்துலதான இருக்கிய, புள்ளைய எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனிய?" நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறவன் எங்கே கூட்டிட்டுப் போவான்? வாரத்தில் பாதி நாள் நான் கிளம்பும்போது குட்டி தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். வயது இரண்டேகால். பகலில் எதிர்வீட்டு அஜ்ஜியிடம்தான் பாதி நேரம். யானையை "ஆனெ" என்பாள், தண்ணீரை "நீரு" என்பாள். சந்தோஷம்தான், ஆனால் அந்த வார்த்தைகளை அவள் கற்றுக்கொண்டபோது நான் பக்கத்தில் இல்லை என்பது கொஞ்சம் உறுத்தும்.

அந்த உறுத்தலில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு பிளான் போட்டேன். இன்ஜினியர் புத்தி, எக்ஸெல்லில் போட்டேன். காலை 8 மணிக்கு வாடகைக் கார். சாமுண்டி மலை, பெரிய நந்தி. 10 மணிக்கு ஜூ. மதியச் சாப்பாடு. 2 மணிக்கு அரண்மனை. தேவராஜா மார்க்கெட். திரும்ப 7 மணிக்கு அரண்மனை வாசலில் விளக்கு அலங்காரம். தங்கமணி அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, இதுல அவ எப்ப தூங்குவா?"

அதற்குக் காலமே போடவில்லை. "கார்ல தூங்கிக்கிடுவா" என்று சமாளித்தேன். அம்மாவும் போனில், "ஏல, பச்சப்புள்ளைய வெயில்ல தூக்கிக்கிட்டு அலையாதல" என்றாள். இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை.

மலையில் குரங்கைப் பார்த்துப் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் நந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜூவைக் குறை சொல்ல மாட்டேன். 1892-ல் ஆரம்பித்தது, 157 ஏக்கர், எங்கு பார்த்தாலும் மரநிழல். ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பதென்றால் பெரியவர்களுக்கே கால் கழன்றுவிடும். "புலி பாரு, புலி பாரு" என்று நான் தூக்கித் தூக்கிக் காட்டுகிறேன், இவள் கீழே சிந்திக் கிடந்த பொரியைக் கொத்தும் காக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காக்கா பக்கத்தில் இருக்கிறது, கத்துகிறது, கிட்டே போனால் பறக்கிறது. புலி எங்கேயோ தூரத்தில் படுத்திருக்கிறது. அவள் கணக்கில் காக்காதான் பெரிய மிருகம்.

அரண்மனைக்குப் போனபோது அவளுடைய தூக்க நேரம் தாண்டியிருந்தது. நான் தங்கமணியிடம், 1897-ல் பழைய மர அரண்மனை தீப்பிடித்து எரிந்ததையும், இதைக் கட்டிய ஹென்றி இர்வின்தான் நம்ம எழும்பூர் ஸ்டேஷனையும் வடிவமைத்தவர் என்பதையும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். குட்டி தரையில் புரண்டு அழுகிறாள். டயப்பர் வேறு மாற்ற வேண்டும். அன்று போன இடங்களில் ஒன்றில் (பெயர் வேண்டாம்) பிள்ளையைப் படுக்கவைக்க ஒரு பலகைகூட இல்லாமல், தங்கமணி தன் துப்பட்டாவை விரித்து ஒரு மூலையில் மாற்றினாள். டூரிஸ்ட் ஊர் என்று பெயர் வாங்கியிருக்கும் ஊர்களில் கைப்பிள்ளைக்காரர்களை யாரும் டூரிஸ்டாகவே நினைப்பதில்லை. ஒரு மேடை, ஒரு திரை, ஒரு குழாய். இதற்கு எத்தனை கோடி ஆகிவிடும்?

4 மணிக்கே வீடு திரும்பினோம். வழியெல்லாம் யாரும் பேசவில்லை. கேமராவில் அறுபது போட்டோ இருந்தது, ஒன்றில்கூட குட்டி சிரிக்கவில்லை.

இதை ஆபீஸில் சொன்னபோது நண்பர் ஒருவர், "ரெண்டு வயசுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது, அஞ்சு வயசு வரைக்கும் வீட்லயே இருங்க" என்றார். இதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாபகம் இருக்காது என்பதற்காக நாம் அதற்குச் சோறு ஊட்டாமலா இருக்கிறோம்? ஊரில் என்றால் தெரு இருக்கிறது, சித்தப்பா சைக்கிள் இருக்கிறது, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி இருக்கிறது. பிளானே தேவையில்லை. இங்கே மூன்று பேர், இரண்டு அறை. வெளியே போயே ஆக வேண்டும், அவளைவிட வாரமெல்லாம் அடைந்து கிடக்கும் தங்கமணிக்காக.

அதனால் அடுத்த மாதம் வேறு மாதிரி போனோம். காலை ரயில். நஞ்சன்கூடு டவுனில் இருந்து மைசூர் 25 கிலோமீட்டர்தான். ஐந்து வயதுக்குள் டிக்கெட்டும் கிடையாது. கிளம்பியதும் கபினி ஆறு வந்துவிடும். பக்கத்திலேயே 1735-ல் கட்டின பழைய கல் பாலம். ஒரு காலத்தில் ரயிலும் ரோடும் அதன் மேலேயேதான் போயிருக்கின்றன. குட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "நீரு! நீரு!" என்று கத்தினாள். நான் "தண்ணி" என்றேன். "தண்ணி நீரு" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். எதிர் சீட்டுப் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு அவள் கையில் ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார். கடகோலா, அசோகபுரம், சாமராஜபுரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பிளாட்பாரத்துக்கு டாட்டா.

மைசூர் ஸ்டேஷனை ஒட்டியே ரயில் மியூசியம் இருக்கிறது, 1979-ல் திறந்தது. மகாராணியின் 1899-ம் வருடத்து சலூன் வண்டி அங்கே நிற்கிறது, சமையலறை முதல் கழிவறை வரை உள்ளேயே. (மகாராணிக்கு டயப்பர் மாற்ற இடம் இருந்திருக்கும்.) குட்டிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பழைய இன்ஜின் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாள், குட்டி ரயிலில் ஒரு சுற்று வந்தாள், புல்லில் உட்கார்ந்தாள். தயிர் சாதம், நஞ்சன்கூடு ரசபாளே பழம். இந்தப் பழமும் இப்போது வாடல் நோயில் குறைந்துபோய், கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. சாப்பிட்டதும் கண் சொருகியது. திரும்புகிற ரயிலில் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். மொத்தம் பார்த்தது ஒரே ஒரு இடம். ரயிலையும் சேர்த்தால் இரண்டு.

என் கட்சி இதுதான் மக்களே: சின்னப் பிள்ளையோடு போனால் ஒரு நாளைக்கு ஒரு இடம். அதுவும் அதன் தூக்கத்துக்கு முன்னால். போகிற வண்டியையும் ஒரு இடமாகக் கணக்கு வையுங்கள். ஜூவுக்குப் போனால் பாதி பார்த்துவிட்டுத் திரும்ப வெட்கப்பட வேண்டாம் (செவ்வாய்க்கிழமை லீவு, ஷிப்ட் ஆட்கள் கவனிக்கவும்). அறுபது போட்டோ நமக்காக. காக்கா பிள்ளைக்காக. இரண்டில் எதற்குப் போகிறோம் என்று வீட்டிலேயே பேசிவிட்டுக் கிளம்புவது நல்லது.

பாக்கி இருப்பது அந்த விளக்கு அலங்காரம். ஒரு லட்சம் பல்பு ஒரே நொடியில் எரிவதைப் பார்க்க வேண்டும் என்று தங்கமணிக்கு ஆசை. குட்டிக்கு 7 மணி என்றால் பாதி ராத்திரி. அம்மா ஊரில் இருந்து அடுத்த மாதம் வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆச்சியிடம் பேத்தியை விட்டுவிட்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் ஏறுவதாக இருக்கிறோம். எக்ஸெல் போடவில்லை :-)