குளங்களை அறிந்து வளரட்டும் நகரம்

1878-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவான் பொறுப்பை ஏற்ற சர் அ. சேஷையா சாஸ்திரியார், நேரிய அகன்ற வீதிகளை அமைத்ததோடு நில்லாமல், நீர்நிலைகளைத் தூர்வாரிச் செப்பனிடுவதையும் நகர நிர்மாணத்தின் பிரதான அங்கமாகவே கருதினார் என்பது, 2024-இல் மாநகராட்சி அந்தஸ்து பெற்றுச் சுற்றுப்புறக் கிராமங்களைத் தன்னுள் இணைத்துக்கொண்ட இந்நகரம் மறக்கலாகாத சரித்திரமாகும்.

ஜீவநதி ஒன்றும் இல்லாத இம்மாவட்டத்தை இத்தனை நூற்றாண்டுகளாக வாழவைத்தவை, மேட்டிலுள்ள கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியே வெளியேறும் நீர் பள்ளத்திலுள்ள அடுத்த கண்மாயைச் சென்றடையுமாறு முன்னோர் கோத்துவைத்த தொடர்களே. அவற்றை இணைக்கும் வரத்து வாய்க்கால்களோ, கோடையில் வறண்டு கிடப்பதால், மனைப் பிரிவு போடுவோர் கண்ணுக்கு வெறும் நிலமாகவே படுகின்றன. ஒரு வாய்க்காலை மண்ணிட்டு மூடினால் கீழேயுள்ள கண்மாய்கள் வறளும். அடைமழையிலோ அதே நீர் வீடுகளுக்குள் புகும். இதை அறிந்திருந்தும் வாய்க்காலை மனையாக்குவது பின்வரும் சந்ததிக்குச் செய்யும் துரோகம். குடிநீருக்குத் தொலைவிலுள்ள காவிரியை எதிர்நோக்கும் ஊர், தன் மண்ணில் விழும் மழையை இழப்பது விவேகமாகாது.

மாநகராட்சியார், எல்லைக்குள் வந்துள்ள ஒவ்வொரு வாய்க்காலையும் வருவாய்த்துறையின் புலப்படத்தைக் கொண்டு அளந்து கல் நட்டு, அந்த விவரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பின்னரே புதிய மனைப் பிரிவுகளுக்கு இசைவு தரவேண்டும். மனை வாங்குவோரும் கிரயப் பத்திரம் எழுதுமுன் அப்படத்தை ஒருமுறை பார்க்கவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.