சேமலாப நிதி இலக்கம் தகுதியின்மையானபோது: கல்முனைக் கரையோரப் பட்டதாரிகளின் காத்திருப்பு

2020 ஓகஸ்டில் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்த கையோடு, ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளை அரச சேவையில் பயிலுனர்களாகச் சேர்ப்பதற்கான பெயர்ப் பட்டியல் வெளியானது. ஓராண்டுப் பயிற்சி, மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு, அதன்பின் நிரந்தர நியமனம் என்பதே வாக்குறுதி. பட்டியலில் விடுபட்ட பலருக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: அவர்களுடைய பெயரில் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இருந்தது. அதாவது, பட்டம் பெற்ற பின் எங்கோ ஒரு தனியார் நிறுவனத்தில் கொஞ்சக் காலமாவது வேலை செய்திருந்தார்கள். ஆகவே அவர்கள் 'வேலையற்ற பட்டதாரிகள்' என்ற வகைக்குள் வரமாட்டார்கள் என்று முடிவு செய்யப்பட்டது.

எதிர்ப்புக் கிளம்பிய பின் மேன்முறையீட்டுக்கு இடம் கொடுக்கப்பட்டது. ஆனால், அந்தப் பட்டியல் கற்பித்த பாடத்தை எந்த மேன்முறையீடும் அழிக்கவில்லை. வீட்டில் சும்மா இருந்தவருக்கு அரச நியமனம். கிடைத்த வேலையைச் செய்தவருக்கு நிராகரிப்பு. கிழக்கில் இன்றும் பட்டதாரிகளின் முடிவுகளை இந்தக் கணக்கு பாதிக்கிறது என்பதால்தான் இதை மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஊடாக அக்கரைப்பற்று வரை நீளும் கரையோரத்தில் பட்டதாரி இல்லாத தெரு இல்லை என்றே சொல்லலாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் முஸ்லிம் மாணவர்கள் படிப்பைத் தொடர முடியாத நிலை உருவானது. அந்தச் சூழலில்தான் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1996இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. யுத்தம் மூடிய கதவு ஒன்றை அது திறந்துவிட்டது. குறிப்பாக, தூர இடங்களுக்கு அனுப்பப்படாத பெண் பிள்ளைகளுக்கு ஊருக்குப் பக்கத்திலேயே பட்டப்படிப்பு கிடைத்தது.

உள்ளே போகும் கதவைத் திறந்தவர்கள், வெளியே வரும் வழியை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் அயலிலேயே இருக்கிறது ஒலுவில் துறைமுகம். டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட அது, இந்தக் கரையோரத்துக்கே தொழில் தரும் என்று சொல்லப்பட்டது. வர்த்தகக் கப்பல்களுக்குப் பதிலாக மணல்தான் வந்து நிறைந்தது. கடலரிப்பில் மக்கள் காணிகளை இழந்தார்கள். 2004 டிசெம்பர் சுனாமியில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மாவட்டம் இது. மருதமுனையின் கைத்தறி, கரையோர மீன்பிடி, உள்நாட்டின் நெல் என்று உழைப்பு இங்கே உண்டு. பட்டதாரியை வேலைக்கு எடுக்கும் தொழில்தான் வளரவில்லை. மிச்சம் இருப்பது டியூஷன் வகுப்பு, கடைக் கணக்கு, லீசிங் கம்பனி, இல்லாவிட்டால் கட்டாருக்கோ சவூதிக்கோ ஒரு விசா. வீட்டுப் பொறுப்போடு ஊரிலேயே இருக்க வேண்டிய பெண் பட்டதாரிக்கு இந்தத் தெரிவுகளிலும் பாதி இல்லை.

ஆகவே எல்லோருடைய பார்வையும் அரச நியமனத்தின் மீதுதான். அது வரும் விதத்தைக் கவனியுங்கள். 2004, 2005 காலத்தில் சுமார் 42,000 பட்டதாரிகள் சேர்க்கப்பட்டார்கள். 2012இல் ஏறத்தாழ 50,000 பேர். 2020இல் மீண்டும் அதே அளவு. இடைப்பட்ட ஆண்டுகளில் சிறு சிறு தொகுதிகள். 2020இன் தொடக்கத்தில், நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட பின்னர், இந்த ஆட்சேர்ப்பைத் தேர்தல்கள் ஆணைக்குழுவே இடைநிறுத்த வேண்டியிருந்தது. அரச நியமனமும் வாக்குக் கணக்கும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இப்படி அலையாக வரும் நியமனம் இரண்டு விதத்தில் சேதம் செய்கிறது. முதலாவது, எந்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்ற கேள்வியே எழுவதில்லை. 2020இன் பயிலுனர்கள் 2022இல் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நிரந்தரமாக்கப்பட்டார்கள். பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆசிரியர் சேவையில் தங்களை உள்ளீர்க்குமாறு கோரி வீதிக்கு இறங்கினார்கள். நியமனம் கிடைத்த பின்னும் போராட்டம் முடியவில்லை. இரண்டாவது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் பட்டம் பெற்றவர் தன் இருபதுகளின் பிற்பாதியை முழுதாகக் காத்திருப்பில் கழிக்கிறார். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரச ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டதும் அந்த இடைவெளி இன்னும் நீண்டது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 30,000 பேரை அரச சேவைக்குச் சேர்க்க 10 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. அது அத்தியாவசிய வெற்றிடங்களுக்கானது. பட்டதாரிகளுக்கு மட்டும் உரியதும் அல்ல.

காத்திருக்கும் காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன வழி? இலங்கையில் வேலையின்மைக் கொடுப்பனவு கிடையாது. 2023இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்த அஸ்வெசும 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பத்தின் வறுமையை அளக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை பட்டம் முடித்து ஐந்து வருடம் வேலை தேடுகிறது என்பதற்கென்று அதில் தனிக் கொடுப்பனவு இல்லை. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்த வறிய பட்டதாரிக்கு மாதம் 600 இந்திய ரூபா உதவித்தொகைத் திட்டம் ஒன்று இருக்கிறது. வாழ்க்கை நடத்த அது போதாது. ஆனாலும், காத்திருப்பவரின் பெயர் ஓர் அரச பதிவேட்டில் ஆண்டு முழுவதும் இருக்கிறது. இங்கே தேர்தல் நெருங்கும்போதுதான் விண்ணப்பப் படிவமே வருகிறது.

இந்த நிலையில் சேமலாப நிதி இல்லாமல் வேலை செய்வதே பாதுகாப்பு என்று ஒரு பட்டதாரி நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், அதற்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. சட்டப்படி முதலாளி சம்பளத்தின் 12 சதவீதத்தைச் சேமலாப நிதிக்கும் 3 சதவீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் செலுத்த வேண்டும். 40,000 ரூபா சம்பளத்தில் அது மாதம் 6,000 ரூபா. ஐந்து வருடத்தில், வட்டி சேர்க்காமலே, 360,000 ரூபா. அந்தப் பணம் முதலாளியின் பையிலேயே தங்கிவிடுகிறது. வேலை செய்ததற்கான ஆதாரமும் இல்லாமல் போகிறது. 2020இன் நிபந்தனை அரசுக்கு எதை மிச்சப்படுத்தியதோ தெரியாது; தொழில் சட்டத்தை மீறும் முதலாளிக்கு அது நன்றாகவே உதவியிருக்கிறது.

2017இல் கிழக்கின் பட்டதாரிகள் மட்டக்களப்பு, காரைதீவு, திருகோணமலை என்று மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். தமிழ், முஸ்லிம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் இருந்தது ஒரே பிரச்சினை. அதே கரையோரத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலக விவகாரம் இரு சமூகங்களையும் வருடக்கணக்காக எதிரெதிரே நிறுத்தி வைத்திருக்கிறது. செயலகம் யாருடையது என்று கேட்கும் அரசியல்வாதிகள், அந்தச் செயலகங்களில் எத்தனை வெற்றிடம் உண்டு, அவை எப்போது, எந்தப் பரீட்சையால் நிரப்பப்படும் என்று கேட்பதில்லை. வெற்றிடக் கணக்கு வெளிப்படையாக இருந்தால் நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க முடியாது.

கேட்க வேண்டியவை பெரிய விடயங்கள் அல்ல. மாவட்டவாரியாக, மொழிவாரியாக வெற்றிடங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். போட்டிப் பரீட்சைக்கு நிலையான திகதி வேண்டும். தனியார் துறையில் வேலை செய்தது எந்த நியமனத்துக்கும் தகுதியின்மை ஆகாது என்று சுற்றறிக்கை மூலம் உறுதிப்படுத்த வேண்டும். வேலை தேடும் காலத்துக்குக் கால வரையறையுள்ள ஒரு கொடுப்பனவு வேண்டும். இவற்றில் மூன்றாவதற்கு ஒரு சதமும் செலவில்லை. அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் முதலில் அதைக் கேட்கலாம்.