வெறுப்பில்லை என்றால் சட்டம் எதற்கு?

2018 ஆகஸ்டில், பினாங்கு ஜார்ஜ் டவுன் விழாவின் கண்காட்சியிலிருந்து இரண்டு புகைப்படங்கள் கழற்றப்பட்டன. மலேசியர் பலர் தேசியக் கொடியோடு நிற்கும் படவரிசை அது. பாலினச் சிறுபான்மையினர் உரிமைக்காகப் பேசும் நிஷா அயூப், பாங் கீ தெய்க் இருவரின் படங்கள் மட்டும் சுவரில் இருக்கக் கூடாது என்று ஆயிற்று. தலையிட்டவர் அன்றைய சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா, அப்போது நம் பேராக்கின் பாரிட் புந்தார் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அதே மாதம் அவர் திருநங்கையான நிஷாவை அழைத்துப் பேசினார். திருநங்கையரும் குடிமக்கள்தான், வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்றார். முஜாஹிட் கடும்போக்காளர் அல்லர், மிதவாதி என்று பெயரெடுத்தவர். அவருடைய கனிவு உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் படம் சுவருக்குத் திரும்பவில்லை.

நம் அரசியலில் இது தனி ஒருவரின் போக்கு அல்ல. 2018 செப்டம்பரில் திரெங்கானுவில் ஒருபாலின உறவுக்கு முயன்றதாக இரண்டு பெண்களுக்குப் பிரம்படி கொடுத்தபோது, இதில் இரக்கம் இல்லை என்று கண்டித்தார் பிரதமர் மகாதீர். அந்த மாதம் முடிவதற்குள், ஒருபாலினத் திருமணத்தை இந்நாடு ஏற்காது என்றும் அவரே சொன்னார். அன்வார் இப்ராஹிமின் நிலை இன்னும் வேதனையானது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் சட்டத்தால் சிறை சென்றவர் அவர். எதிர்க்கட்சியில் இருந்தபோது இது பழங்காலச் சட்டம் என்றும் பேசினார். பிரதமரான பின் 2023 ஜனவரியில், பாலினச் சிறுபான்மையினருக்கு அங்கீகாரம் கிடையாது என்றார். அதே ஆண்டு வெளிநாட்டுத் தொலைக்காட்சியில், அவர்களைத் துன்புறுத்துவதை ஏற்கவில்லை என்றார்.

துன்புறுத்தல் வேண்டாம் என்பவர் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகளைக் கொஞ்சம் எடுத்துப் படிக்க வேண்டும். வயது வந்த இரண்டு ஆண்கள் மனமொத்து உறவுகொண்டாலும் 20 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படி. ஷரியா நம்மைத் தொடாது என்று ஒதுங்கும் தமிழர்களுக்கும் சொல்கிறேன்: இது எல்லா மதத்தாருக்குமான சட்டம். வழக்குப் போடாவிட்டாலும் அது வேலை செய்கிறது. ஈப்போவில் இப்படி வாழும் ஒருவனை மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்று வையுங்கள். அவன் காவல் நிலையத்துக்கு எப்படிப் போவான்? புகார் கொடுக்கப் போனவனே குற்றவாளி ஆகிவிடுவானே.

சட்டம் மட்டுமல்ல, நாமும் அப்படித்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வீட்டுக்கு வீடு பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். கல்யாணமே வேண்டாம் என்ற அண்ணன் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பலருக்குத் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திருவிழாவில் பந்தல் போட அவர் வேண்டும். சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருக்க அவர் வேண்டும். அவர் ஒருவரோடு சேர்ந்து வாழ்வது மட்டும் கூடாது. நாமும் வெறுக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

வெறுப்பே இல்லாமல் ஒருவரை வெளியே நிறுத்த முடியும் என்பது நமக்குத் தெரியாததா? தோட்டம் தனியார் நிலம், ஆகவே கிராமப்புற மேம்பாட்டுத் திட்டம் அதற்குள் வராது என்று பல பத்தாண்டுகள் சொன்னார்கள். கம்பத்துக்கு வந்த குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் லயத்துக்கு வரக் காலம் பிடித்தது. தமிழர்களைப் பிடிக்காது என்று எந்த அமைச்சரும் சொல்லவில்லை. தீபாவளிக்கு வந்து கைகுலுக்கினார்கள். ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது, சட்டப்படிதான் நடக்கிறது என்று சொல்லியே குடும்பங்களை வெளியேற்றினார்கள். அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்று அன்று நாம் ஆராயவில்லை. எங்கள் உரிமை எங்கே என்று கேட்டோம். அப்படிக் கேட்டது சரிதான்.

இது நம் பண்பாடு என்ற வாதமும் நிற்காது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் எழுதிய 377தான் மலாயாவுக்கும் வந்தது, தோட்டத்துரைமார் வந்த அதே ஆட்சியின் வழியாக. மனமொத்த ஆண்களின் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று பிரிட்டனின் வுல்ஃபென்டன் குழு பரிந்துரைத்தது 1957 செப்டம்பர் 4இல், நாம் மெர்டேக்கா பெற்ற நாலாவது நாளில். 1967இல் இங்கிலாந்து அதைச் செய்தது. 2018 செப்டம்பர் 6இல் இந்திய உச்ச நீதிமன்றம் 377இன் பிடியிலிருந்து வயது வந்தோரை விடுவித்தது. சிங்கப்பூர் 2022 நவம்பரில் தன் 377ஏ பிரிவை நீக்கியது. திருமணம் பற்றிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அதே நாளில் அரசியலமைப்பையும் திருத்திக்கொண்டது. அந்த இரண்டாவது வேலையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அங்கே சிறை பயம் போயிற்று.

சமுதாயம் இன்னும் தயாராகவில்லை என்பார்கள். தயார்படுத்துவது யார் வேலை? பேராக்கிலிருந்து நாடாளுமன்றம் செல்லும் தமிழ் உறுப்பினர்கள் இதில் காக்கும் மௌனம் எனக்கு மிகவும் வலிக்கிறது. கூலி உயர்வுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் அரசியலமைப்பின் சமத்துவத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் இவர்கள். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிற எட்டாவது விதி சிலருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல.

அடுத்த தேர்தலில் சுங்கை சிப்புட்டுக்கோ ஈப்போவுக்கோ ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், உங்கள் மனத்தில் வெறுப்பு இருக்கிறதா என்று கேட்காதீர்கள். மனமொத்த பெரியவர்களைச் சிறையில் தள்ளும் அந்த இரண்டு பிரிவுகளையும் நீக்கும் மசோதா வந்தால் ஆதரித்து வாக்களிப்பீர்களா என்று கேளுங்கள்.