யார் முகம் விழுகிறது?

எங்கள் துறையில் என்னோடு முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒளிப்படக் கண்காட்சி வைத்தார். தலைப்பு ‘உழைப்பின் முகங்கள்’. ராசிபுரம் பக்கத்துச் சேகோ பேக்டரிகளில் எடுத்த 22 படங்கள். கருத்துச் சொல்லுங்கள் என்று மேடைக்கு அழைத்தார், சொன்னேன். “டெக்னிக்கில் சாதியைக் கொண்டுவராதீங்க தோழர்” என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். அங்கே முடிக்க விடாததை இங்கே முடிக்கிறேன்.

டெக்னிக்கிலிருந்தே தொடங்குவோம். ஜவ்வரிசி காயும் களத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உச்சிவெயிலில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கணக்குப் போடும். சட்டகம் முழுக்க வெள்ளை என்றால் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். களம் சாம்பலாகும். களத்தில் நிற்கும் கருத்த பெண்ணின் முகம் மைக்கறையாகும். ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் போதும். இல்லையென்றால் முகத்தில் மட்டும் மீட்டர் பார்த்து, கருத்த தோல் வெளுத்துவிடாதபடி கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுத்தால் பின்னணியில் களம் குறைந்து வானமோ சுவரோ வரும். அந்த வெள்ளைத் தரையே கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் தரும், காசில்லாத ரிப்ளெக்டர்.

நண்பர் உட்காரவில்லை. பெண்கள் இருக்கும் படங்கள் எல்லாமே நின்றபடி மேலிருந்து எடுத்தவை. முதுகு, முக்காடு, கை, வெடித்த பாதம். முகம் இருக்கும் நான்கு படங்களிலும் கண் இல்லை. கேட்டால் “சில்ஹவுட்” என்கிறார். இருக்கட்டும், நிழலுருவம் ஒரு அழகுதான். பிறகு ஏன் ‘முகங்கள்’ என்று தலைப்பு?

தெரியாமல் செய்த பிழை என்று விட்டிருப்பேன். ஆனால் அதே சுவரில் ஆலை முதலாளியான பெரியவர் ஒருவரின் படமும் இருந்தது. சன்னலோர நாற்காலி, பக்கவாட்டு வெளிச்சம், லென்ஸ் அவர் கண்மட்டத்தில். நெற்றிச் சுருக்கங்களை எண்ணலாம். அவரும் எங்களைப்போல் கருத்தவர்தான், அவர் முகம் விழுந்திருக்கிறது. கீழே பெயர், வயது. பெண்களின் படங்களுக்குக் கீழே ‘உழைப்பு – 3’, ‘உழைப்பு – 7’.

“மீட்டருக்குச் சாதி தெரியாது” என்கிறார். தெரியாதுதான். கோடாக் ஃபிலிமுக்கும் நிறவெறி தெரியாது. ஆனால் அதைக் கழுவும் லேப்கள் வண்ணத்தைச் சரிபார்க்க வைத்திருந்த ‘ஷெர்லி’ அட்டையில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தாள். கருப்பர்களின் முகம் படத்தில் கரைந்துபோனபோது அசையாத நிறுவனம், எங்கள் பொருளின் பழுப்பு சரியாக வரவில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் புகார் சொன்ன பிறகுதான் அசைந்தது என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். யாருக்காக ஒன்றரை ஸ்டாப் கூட்டுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார்.

எண் போட்டு எங்களைச் சுவரில் மாட்டும் பழக்கமும் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்து, படமெடுத்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகளை ஏழு தொகுதிகளில் அடுக்கினார். அவருக்கும் ‘மாதிரி’தான் தேவைப்பட்டது, ஆள் தேவைப்படவில்லை.

மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவை ஆண்டுக்கணக்கில் படமெடுத்தவர் எம். பழனிகுமார். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவர்தான். 2020 ஊரடங்கில் வாடிப்பட்டியில் தன் குடும்பத்தையே படமாக்கினார் ஜெய்சிங் நாகேஸ்வரன். இரண்டு பேர் படத்திலும் கருப்பு கருப்பாகவே இருக்கிறது, கண்ணும் தெரிகிறது. நண்பர் இவற்றைப் பார்க்காதவர் அல்ல.

முகம் தெரிகிறதா என்பது எங்கள் பக்கத்தில் வெறும் ரசனைக் கேள்வியும் அல்ல. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் இருந்து கடத்தப்பட்ட கோகுல்ராஜின் கொலை வழக்கில், கோயில் கண்காணிப்புக் கேமராவில் பதிந்தது யார் என்பதைச் சுற்றியே எவ்வளவு வாதம் நடந்தது!

‘உழைப்பு – 7’ என் சின்னம்மா. புடவைக் கரையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். செல்போனில் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, “இதுல நான் எங்க கண்ணு இருக்கேன்?” என்றார். அவருடைய வாக்காளர் அட்டையிலும் இப்படித்தான் ஒரு கறை. சரி, நான் எடுக்கிறேன் என்று மறுநாள் களத்தோரம் உட்கார்ந்தேன். தலைமுடியைக் கோதிக்கொண்டு, “கொஞ்சம் வெளுப்பா வருமா?” என்று கேட்டார். கல்யாண ஸ்டுடியோக்கள் எல்லாருக்கும் பூசிவிடும் அந்த ரோஸ் கலரைத்தான் கேட்கிறார். மேடையில் அவ்வளவு பேசிய எனக்கு அதற்குப் பதில் வரவில்லை. உள்ளபடியே எடுத்தேன். வாங்கிப் பார்த்து, “பல்லு நல்லா விழுந்திருக்கு” என்றார்.

கண்காட்சி அடுத்த மாதம் இன்னொரு கல்லூரிக்குப் போகிறதாம். பெண்களிடம் ஒப்புதல் கேட்டுப் பெயர் போடுங்கள், அந்த நான்கு படங்களையும் போய் உட்கார்ந்து மறுபடி எடுங்கள் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறேன். “பார்க்கலாம்” என்று பதில் வந்திருக்கிறது.