முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து மணித்தியாலமும்

நோன்புப் பெருநாளுக்கு முந்திய பத்து நாட்களில் கல்முனைக் கடைத்தெருவில் என்ன அதிகம் விற்பனையாகின்றது என்று எவரையேனும் கேட்டால் புடைவையும் பாதணியும் என்றுதான் விடை வரும். ஆனால் அந்நாட்களில் அங்கு சுறுசுறுப்பாக விலைபோகும் மூன்றாவது சரக்கொன்று உண்டு. அது மணம். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் இதே கதைதான்.

முன்னைய தலைமுறைக்கு மணம் என்றால் அத்தர். விரல் நீளக் குப்பியில் சந்தனமோ ரோஜாவோ கஸ்தூரியோ இருக்கும். ஒரு துளியைப் பஞ்சில் தோய்த்துக் காதுமடலில் செருகிக்கொண்டு ஜும்ஆவுக்குப் போவார்கள். பின்னர் வளைகுடா நாடுகளுக்கு நம்மவர்கள் தொழில் தேடிப் போகத் தொடங்கிய காலத்தில், விடுமுறையில் வருவோரின் பெட்டிகளில் கண்ணாடிப் போத்தல்கள் வந்தன. இன்று அப்போத்தல்கள் நமது கடைகளிலேயே வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் இளைஞர்கள் அதிகம் கேட்டு வாங்குவது பழவாசனை கலந்த அம்பர் வகை. இக்கட்டுரை அந்த வகையைப் பற்றியது; அதைவிட, அதனை நாம் வாங்கும் முறையைப் பற்றியது.

அத்தகைய திரவியம் ஒன்றினை அண்மையில் என் மணிக்கட்டில் தெளித்து ஒரு பகல் முழுவதும் கவனித்தேன். காலை ஒன்பது மணிக்கு எழுந்த முதல் மணம் அன்னாசியும் பீச்சும் கலந்தது. திருமண வீட்டில் பழக்கலவைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாற்போன்ற ஓர் ஆரவாரம். கால் மணித்தியாலத்தில் அன்னாசி போய்விட்டது. பீச் மட்டும் சற்று மெழுகுத்தன்மையோடு தங்கியது. பத்து மணியளவில் மல்லிகையும் கறுவாவும் தலைகாட்டின. நண்பகலுக்குச் சற்று முன்னர் அவையும் பின்வாங்க, வெப்பமும் இனிப்பும் பிசினும் கலந்த ஓர் அடிமணம் தோலோடு ஒட்டிக்கொண்டது. அஸர் தொழுகைக்கு உழூச் செய்த பின்னரும் அது போகவில்லை. மஃரிபுக்குச் சட்டையைக் கழற்றும்போது கைமடிப்பில் இன்னும் இருந்தது.

இவ்வளர்ச்சியில் மாயம் எதுவும் இல்லை. பழவாசனை தரும் பொருட்களிற் பெரும்பாலானவை இலகுவில் ஆவியாகிவிடுபவை. அன்னாசி மணத்துக்குப் பயன்படும் எதைல் பியூட்டிரேற்று அப்படிப்பட்டது. பீச் மணம் தரும் லக்டோன் அதனினும் கனமானது. ஆதலால் சற்று அதிக நேரம் நிற்கும். 1919 இல் பாரிஸின் கெர்லான் நிறுவனம் வெளியிட்ட 'மிட்சுக்கோ' அந்தப் பீச் லக்டோனைக் கொண்டே புகழ்பெற்றது. ஆகவே வாசனைத் திரவியத்தில் பழத்தைச் சேர்ப்பது நேற்றைய நாகரிகம் அன்று. அடியில் தங்குபவை பிசின்களும் வனிலினும். அவை மெல்ல ஆவியாகுவதனாலேயே கடைசிவரை நிற்கின்றன. நமது கரையோர வெயிலில் தோலின் சூடு இந்த ஓட்டத்தை விரைவுபடுத்துகின்றது. குளிர்நாட்டவர் சற்று நீண்ட நேரம் அனுபவிக்கும் பழம் நமக்கு விரைவில் பறந்துவிடும்.

சரி, அந்த அடிமணமான அம்பர் என்பது யாது? இங்கேதான் சொற்குழப்பம் தொடங்குகின்றது.

அரபியில் 'அன்பர்' என்பது கடலில் இருந்து வருவது. கணவாயைத் தின்னும் பெருந்தலைத் திமிங்கிலமொன்றின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாகி, கடலில் மிதந்து, வெயிலிலும் உப்பிலும் பதப்பட்டுக் கரையொதுங்கும் பொருள் அது. அத்திமிங்கிலத்துக்கும் அரபியில் அதே பெயர்தான். நபித்தோழர்களின் படையொன்று கரையொதுங்கிய 'அன்பர்' மீனை உண்டு பசியாறிய செய்தியை ஸஹீஹுல் புகாரியில் பலரும் படித்திருப்பர். பழந்தமிழ் உரைகளில் கடல்படு பொருள்கள் ஐந்தனுள் ஒன்றாக எண்ணப்படும் ஓர்க்கோலை என்பதும் இதுவே. ஐரோப்பியர் இச்சொல்லை வாங்கியபோது, பால்டிக் கரையில் ஒதுங்கும் மஞ்சள் நிற மரப்பிசின் கல்லுக்கும் அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். நமது பெரியவர்கள் சிலரின் தஸ்பீஹ் மணிகள் அக்கல்லினால் ஆனவை. கல்லாக இறுகிய அந்தப் பிசினை முகர்ந்தால் மணம் ஏதும் தெரியாது.

போத்தலில் எழுதப்பட்டிருக்கும் 'அம்பர்' இவ்விரண்டும் அன்று. அது மூன்றாவது ஒன்று: ஒரு கலவையின் பெயர். மத்தியதரைக் கடற்கரைப் புதரொன்றில் சுரக்கும் லப்தானம் என்ற பிசின், வனிலின், பென்ஸோயின் ஆகிய மூன்றும் அதன் தூண்கள். லப்தானத்தை முற்காலத்தில் மேயும் ஆடுகளின் தாடியிலிருந்து சீவி எடுத்தார்கள். வனிலினை 1874 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் செயற்கையாக ஆக்கினார்கள்; அதன் பின்னரே இக்கலவை மலிவாயிற்று. இக்கலவைக்கு உலகப் புகழ் தேடித்தந்தவற்றுள் முதன்மையானது 1925 இல் கெர்லான் வெளியிட்ட 'ஷாலிமார்'. பெயரோ முகலாயர் பூந்தோட்டத்தினுடையது, போத்தலோ பாரிஸினுடையது.

பென்ஸோயின் என்றவுடன் அந்நியமாகக் கருதவேண்டாம். சுமாத்திரா, ஜாவாப் பக்கத்திலிருந்து வந்த அம்மரப்பிசினை அரபு வணிகர் 'லுபான் ஜாவி' என்றனர். அச்சொல் ஐரோப்பியர் நாவில் தேய்ந்து பென்ஸோயின் ஆயிற்று. தமிழில் அதற்குச் சாம்பிராணி என்று பெயர். மௌலூது ஓதும் வீட்டில் தணலில் இட்டதும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாட்களில் காற்றில் கலந்து வருவதும் அதுதான். பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் போத்தலின் கடைசி ஐந்து மணித்தியாலங்களில் நம் தோலில் தங்கியிருப்பதிற் பெரும்பங்கு, உம்மாமார் வெள்ளி இரவில் தூபக்காலில் இட்ட பொருளின் உறவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேற்குலக வாசனைத் தொழிலார் இவ்வகையை நெடுங்காலம் 'கீழைத்தேயம்' என்று அழைத்து வந்தனர். அச்சொல் இழிவாகத் தொனிக்கின்றது என்ற எதிர்ப்பு வலுத்தபின், 2021 இல் மைக்கல் எட்வர்ட்ஸ் என்பாரின் புகழ்பெற்ற வாசனைக் கையேடு அப்பெயரை நீக்கி, வகைக்கே 'அம்பர்' என்று பெயரிட்டது. நம்மைக் குறித்த சொல் போய், நமது வணிகர்கள் கொண்டு சென்ற சொல் அங்கு அமர்ந்தது. இதனை நான் வரவேற்கிறேன். ஆனால் அச்சொல்லைக் கொண்டு நம்மையே ஏமாற்றுவதனை வரவேற்க முடியாது.

ஏனெனில் நமது கடைகளில் நடப்பது வேறு. "காக்கா, இது அசல் அம்பரா?" என்று இளைஞன் கேட்கிறான். "அசல்தான் தம்பி, திமிங்கிலத்தில எடுத்தது" என்று விடை வருகின்றது. நான் நின்ற இடத்திலேயே இவ்வுரையாடலைக் கேட்டிருக்கிறேன். திமிங்கிலம் இலங்கைச் சட்டத்தினால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். இந்தியாவிலோ 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்த அம்பரை வைத்திருப்பதே குற்றம். தங்கத்தோடு ஒப்பிட்டு விலை பேசப்படும் பொருளொன்று சில ஆயிரம் ரூபாய்ப் போத்தலில் எப்படி வரும்? அதன் சாயலைத் தருவதற்கு ஒரு மூலிகையின் எண்ணெயிலிருந்து ஆக்கப்படும் அம்புரொக்ஸான் இருக்கின்றது. அது நல்ல பொருள்தான். அதனைச் சொல்லி விற்பதில் வெட்கம் எதற்கு?

பெரிய போத்தலிலிருந்து சிறு குப்பிகளுக்கு மாற்றி விற்கும் பழக்கத்தையும் இங்கு சொல்லவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலொவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருட்களின் பெயரைப் போத்தலில் எழுதவேண்டும் என்ற விதி 2005 இலிருந்து உண்டு. 2023 இல் அப்பட்டியல் எண்பதைத் தாண்டியது. குப்பி மாறும்போது அந்தத் தகவல் எல்லாம் பெட்டியோடு குப்பைக்குப் போகின்றது. கழுத்தில் தடிப்பு வந்த பின்னர் எதனால் வந்தது என்று வைத்தியருக்குச் சொல்ல வழியில்லை. நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதனைத் தடுக்கின்றது. அரிசிக்கும் சீனிக்கும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கினைப் பெருநாள் காலத்தில் வாசனைக் கடைகளின் பக்கமும் அதிகாரிகள் காட்டலாம்.

குறை விற்பவரிடம் மட்டும் இல்லை. நாம் மணத்தை அதன் முதல் ஐந்து நிமிடத்தில் விலை பேசுகிறோம். உற்பத்தியாளருக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே பணத்தையும் கவனத்தையும் மேலே தெரியும் பழத்தில் கொட்டி, அடியில் மலிவான இனிப்பை நிரப்புகின்றனர். பழம் பறந்த பின்னர் மிஞ்சுவது சாம்பிராணியின் ஆழமா, பஞ்சுமிட்டாயின் வெறும் இனிப்பா என்பதனைக் கடையில் நின்றுகொண்டு எவராலும் அறிய முடியாது.

இன்னொன்று. நமது மூக்கு தன் மணத்தை விரைவில் மறந்துவிடும். இது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. "மணம் போய்விட்டது" என்று எண்ணி மீண்டும் நான்கு முறை தெளித்துக்கொண்டு தராவீஹுக்கு வருகிறோம். நமக்குத்தான் போயிருக்கின்றது; அருகில் நிற்பவருக்குப் போகவில்லை. ஜும்ஆ நாளில் நறுமணம் பூசுவது சுன்னத்து. பச்சை வெங்காயமும் பூண்டும் தின்றுவிட்டுப் பள்ளிக்கு வரவேண்டாம் என்பதும் அதே நபிமொழித் தொகுப்புகளில் உள்ளதுதான். இரண்டினதும் நோக்கம் ஒன்றே: பக்கத்தில் நிற்பவரின் சுகம். மின்விசிறி போதாத வரிசையில் ஆஸ்துமா நோயாளி ஒருவர் மூச்சுத் திணறும்போது அங்கே சுன்னத்தின் நோக்கம் நிறைவேறவில்லை.

ஆகவே வாங்குவோருக்கு என் யோசனை எளிது. மணிக்கட்டில் ஒரு தடவை தெளியுங்கள், தேய்க்கவேண்டாம். காசைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கடையைவிட்டு வெளியேறுங்கள். லுஹருக்கு முன் தெளித்தால் அஸருக்குப் பின் முகர்ந்து பாருங்கள். அப்போது இருப்பது பிடித்திருந்தால் திரும்பிச் சென்று வாங்குங்கள். விற்போருக்கும் ஒரு வேண்டுகோள்: அவ்வாறு வெளியேறும் இளைஞனை முகம் சுளித்துப் பார்க்கவேண்டாம். திரும்பி வருபவனே நிலையான வாடிக்கையாளன்.

இப்போத்தல்களின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதனையும் எண்ணிப் பார்க்கவேண்டும். றியாதிலோ டோஹாவிலோ நாற்பது பாகை வெயிலில் நிற்கும் தகப்பனின் கூலி, அல்லது பிறர் வீட்டில் பணிபுரியும் தாயொருத்தியின் உழைப்பு, பெருநாள் காசாக வந்து இங்கே மணமாக மாறுகின்றது. அந்தக் காசுக்கு ஐந்து நிமிட அன்னாசி போதாது.