தனி வந்ததும் எழுந்து போகிறவர்கள்

தாளம் தமிழனின் ரத்தத்தில் ஊறியது என்று மேடையில் முழங்குகிறவர்களில் ஒருவர்கூடத் தனி ஆவர்த்தனம் முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. கல்பனாஸ்வரக் குறைப்பு முடிந்து, பாடகர் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்து, மிருதங்கக்காரர் பக்கம் தலையை அசைத்ததும் சபை கலைகிறது. திருச்சியிலும் சரி, ஸ்ரீரங்கத்திலும் சரி, நாற்பது வருஷமாக இதுதான் காட்சி. முன்வரிசைப் பெரிய மனிதர் வேட்டியை உதறிக்கொண்டு எழுகிறார். அவர் எழுந்தபின் மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? வாசலில் கான்டீன் நடத்துகிறவருக்கு இந்த சமூகவியல் முழுதும் அத்துப்படி. குறைப்பு ஆரம்பித்ததுமே பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார்.

கேட்டால், 'தனி நமக்குப் புரிவதில்லை ஸார்' என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்களில் இந்தப் பத்திரிகையின் வாசகர்களும் உண்டு என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன். புதுக்கவிதை புரியவில்லை என்று சொன்ன தமிழ்ப் பேராசிரியர்களை நாம் என்னவெல்லாம் ஏசினோம்! புரியவில்லை என்பது கவிதையின் குறையல்ல, உழைக்க மறுக்கும் வாசகனின் சோம்பல் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். அதே வாய் தோல்வாத்தியத்தின் முன்னால் காபி கேட்கிறது. இரண்டு சோம்பலுக்கும் நடுவில் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

புரிந்துகொள்ள அப்படி என்ன பிரம்மவித்தை வேண்டியிருக்கிறது? ஆதி தாளம், எட்டு அட்சரம். ஒரு அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வைத்தால் ஒரு ஆவர்த்தத்துக்கு 32. இந்த 32-க்குள் ஒரே சொற்கட்டை மூன்று தடவை சொல்லி, இரண்டு இடைவெளி விட்டு, சரியாக அடுத்த ஆவர்த்தத்தின் தலையில், சமத்தில், வந்து இறங்கவேண்டும். 'ததிகிணதொம்' ஐந்து, அதை இரண்டு முறை சொன்னால் பத்து. மூன்று பத்து முப்பது. நடுவில் ஒவ்வொரு மாத்திரையாக இரண்டு இடைவெளி. 32 ஆயிற்று. கையில் தாளம் போட்டுக்கொண்டு, வாயால் இதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் பத்து தாளத்தின் தட்டோடு ஒத்துப்போகாமல் நழுவும். இரண்டாவது பத்து இன்னும் விலகி, கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக இழுக்கும். இனி சேராது என்று நினைக்கும்போது மூன்றாவது பத்து முடிந்து, அடுத்த தட்டு சமமாக இருக்கும். இது எளிய ஆரம்பம்தான். இதையே ஒற்றைக் கணக்கிலிருந்து முக்கால் இடம், ஒன்றரை இடம் என்று எடுப்பு மாற்றி, திஸ்ரத்தில் திருப்பி, கண்டத்தில் ஒடுக்கி, கடைசியில் பெரிய கோர்வையாகக் கட்டி மூன்று முறை வாசித்துத் தள்ளும்போது நடப்பது கணக்குப் பாடமல்ல. ஒழுங்கிலிருந்து விலகிப் போய், விலகலுக்குள்ளேயே வேறொரு ஒழுங்கைக் கண்டு, பழைய ஒழுங்கோடு வந்து சேர்வது. நவீன கலை முழுவதையும் பற்றி நாம் எழுதிக் கிழித்ததெல்லாம் இதைத்தானே?

ஆனால் மேடையில் அதைச் செய்கிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பக்கவாத்தியம். பக்கத்தில் இருப்பது. இந்தப் பெயரின் விலை என்ன என்பதற்கு ஒரு உதாரணம் போதும். சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டுத் தலைமை 1929-லிருந்து வழங்கப்படுவது; 1942 முதல் அதற்குச் சங்கீத கலாநிதி என்று பட்டம். ஒரு மிருதங்க வித்வானுக்கு அது முதல்முதலாகக் கிடைத்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி சுப்பிரமணிய பிள்ளை அதற்கு நான்கு வருஷம் முன்பே, 1962-ல், இறந்துபோயிருந்தார். அவர் இடக்கைக்காரர். இடக்கைக்காரர் உட்கார்ந்தால் வயலின்காரர் இடம் மாறவேண்டும். வெறும் இடம்தான், சங்கீதத்தில் ஒரு ஸ்வரம் இதனால் இடம்பெயர்ந்துவிடாது. அதற்கே ஆரம்ப காலத்தில் அவருக்குக் கச்சேரிகள் தட்டிப்போயின. செம்பை வைத்தியநாத பாகவதர் மாதிரி ஒருவர் பிடிவாதமாக உட்காரவைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பவன் எந்தப் பக்கத்தில் இருப்பது என்பதைக்கூட மற்றவர்கள்தான் தீர்மானிப்பார்கள்.

வெளியே என்ன நடக்கிறது? 'யெஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் குழு புகழின் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்த 1972-ல், அங்கே தான் கற்கவேண்டியது தீர்ந்துவிட்டது என்று அதை விட்டுவிட்டு, பணம் குறைந்த, கரடுமுரடான 'கிங் கிரிம்சன்' குழுவுக்குப் போனார் அதன் டிரம்மர் பில் புரூஃபோர்ட். 1986-ல் 'எர்த்வொர்க்ஸ்' என்று தன்னுடைய குழுவைக் கட்டினார். 2009-ல் மேடையை விட்டு விலகி, டிரம் வாசிக்கிறவனின் சிருஷ்டி எங்கே இருக்கிறது என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து, 2016-ல் சர்ரே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். எழுபதைத் தாண்டியபின் மறுபடி வாசிக்க வந்துவிட்டார். 'பிங்க் ஃபிளாய்ட்' டிரம்மர் நிக் மேசன் 2018-ல், எழுபத்திநாலு வயதில், தன் பெயரில் குழு ஆரம்பித்து ஊர் ஊராகப் போனார். கார்ல் பாமர் கதையும் இதேதான். பாடகனுக்குப் பின்னால், இருட்டில் உட்கார்ந்திருந்த கிழவனின் பெயரைச் சொல்லி அங்கே டிக்கெட் விற்கிறது. இங்கே தாளவாத்தியக் கச்சேரி என்று ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதை எந்த வேளையில் வைக்கிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

2023 ஜனவரியில் 'சக்தி' குழுவின் ஐம்பதாம் வருஷச் சுற்றுப்பயணம் பெங்களூர் வந்தபோது, எடமலைப்பட்டி புதூரிலிருந்து இரவு பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன். எண்பத்தோரு வயது ஜான் மெக்லாஃப்ளின், எழுபத்தொரு வயது ஜாகிர் ஹுசைன், கூட ஷங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவோடு செல்வகணேஷ். ஐந்து பேரில் இருவர் தோல்வாத்தியக்காரர்கள், அவர்கள் யாருக்கும் பக்கத்தில் இல்லை, நடுவில் இருந்தார்கள். மற்றவர்கள் நிறுத்திவிட்டுத் தபலாவும் கஞ்சிராவும் மட்டும் பேசிக்கொண்டபோது அந்தப் பெரும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து போகவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தார்கள். நம்மூர்த் தனிக்கு எழுந்து போகிற இருவரை அங்கே பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அந்த டிக்கெட் விலையில் இங்கே ஒரு வருஷச் சபா சந்தாவே கட்டிவிடலாம். ஜாகிர் அடுத்த ஆண்டு டிசம்பர் 15-ல் இறந்தபோது அவ்விருவரில் ஒருவர் உருக்கமாக ஒரு அஞ்சலியும் எழுதினார்.

இதைச் சொல்வதால் பெங்களூர்க் கூட்டம் ஏதோ மகா ரசிகக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். வேகம் ஏறும்போதெல்லாம் கூச்சல். வேகம் குறைந்தால் மௌனம். கஞ்சிராவின் தோலை இடது கையால் உள்ளிருந்து அழுத்தி, ஒரு அடியை மிருதங்கத்துத் தொப்பியின் கும்கி மாதிரி வளைத்து இறக்கும் இடம் ஒன்று. அந்தச் சின்ன வட்டத்திலிருந்து அப்படி ஒரு ஆழம் வருவது எப்படி என்று இன்னமும் எனக்கு வியப்புத்தான். அதற்கு யாரும் கைதட்டவில்லை. வேகத்தை லயமென்று நினைப்பது சர்க்கஸ் ரசனை. ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்றாவது ஒருநாள் கேட்கும்.

அந்தக் கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக ஆக்கியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர், தவில்காரர் ஒருவரிடம் லயம் கற்றவர். அவர் வழியில் தட்சிணாமூர்த்தி பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை, முத்தையா பிள்ளையின் மகன் சுப்பிரமணிய பிள்ளை, அவருடைய சிஷ்யர் திருச்சி சங்கரன். சங்கரன் பிறந்தது 1942-ல், பூவாளூரில். 1971-ல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், நம் சங்கீதத்தைப் பாடமாக நிறுவினார். ஜாஸ் இசைக்காரர்களோடும் கமலான் குழுவோடும் வாசித்தார், இசை அமைத்தார், லயத்தைப் பற்றியும் கொன்னக்கோலைப் பற்றியும் நூல் எழுதினார். 2011-ல் சங்கீத கலாநிதி பட்டமும் வந்தது. ஊர்ப் பெயரை அவர் சுமந்துகொண்டு போனார். ஊர் அவரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டது? 'நம்ம திருச்சிக்காரர்' என்று சொல்லும் உரிமையை. அவருடைய கணக்கு ஒன்றைக் கையில் தாளத்தோடு சொல்லிக்காட்டக்கூடிய பெருமைக்காரர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள்.

இந்தப் பெருமைதான் உண்மையான வியாதி. வெள்ளைக்காரன் ஐந்தும் ஏழும் நம்மிடம்தான் கற்றுக்கொண்டான் என்று ஒரு பிரமை இருக்கிறது. டேவ் பிரூபெக்கின் ஜாஸ் குழு 1958-ல் இந்தியா வந்தது உண்மை. இங்கத்திய தாளக்காரர்களைக் கேட்டு அவர்கள் அசந்துபோனதும் உண்மை. ஆனால் அடுத்த வருஷம் அவர் பதிவுசெய்த ஒன்பது மாத்திரைப் பாட்டு இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் கேட்டது. பால்கன் கிராமத்துக் கல்யாணங்களில் ஏழிலும் பதினொன்றிலும் ஆடுகிறார்கள், மிஸ்ர சாப்பு என்ற பெயரைக் கேட்காமலே. உலகம் நம் திண்ணையில் உட்கார்ந்து எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. நம்மிடம் இருப்பது ஒரு பெரிய மரபு. அதைக் கேட்கிறவர்கள் இல்லாத குறையை எல்லாம் நம்மிடமிருந்தே போனது என்ற கூச்சலால் மூடிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் மூடிக்கொள்கிறோம். மிருதங்கம் பலாமரமும் தோலும். வலந்தலையில் பசுத்தோலும் ஆட்டுத்தோலும், இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். நாதம் என்று நாம் கண்ணை மூடிக்கொள்வது தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, சுரண்டி, கரணை இட்டு, விடிய விடியக் கல்லால் தேய்த்த ஒருவரின் செவியில் முதலில் பிறந்தது. பெரும்பாலும் தலித்துகள், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். தஞ்சாவூர்ப் பார்லாந்து இல்லாமல் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்க ஒலி அந்த உருவத்தில் நமக்கு வந்திருக்காது. இதையெல்லாம் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகமாக எழுதினார். 2020-ல் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. மாட்டுத்தோலைப் பற்றிய பகுதி பத்திரிகையில் வந்ததுதான் காரணம். மாட்டுத்தோலின் மேல் வாசிக்கலாம், கேட்டு உருகலாம். அது மாட்டுத்தோல் என்று சொல்லக்கூடாது. கூட்டம் ஊடகக் கல்லூரி ஒன்றில் நடந்தது.

இந்த இடத்தில் முற்போக்கு நண்பர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பறையை நாம் மேடையேற்றினோம், சரி. சாவு மேளம் என்ற இழிவிலிருந்து அதை மீட்டது பெரிய காரியம், அதற்காக உதை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாநாட்டுப் பந்தலில் பறை ஒலிக்கும்போது நாம் கேட்பது என்ன? அடையாளத்தை, கோஷத்தை. இரண்டு நிமிஷம் தட்டச் சொல்லி, தலைவர் வந்ததும் கையமர்த்துகிறோம். எடமலைப்பட்டி புதூர்க் கோயில் திருவிழாவில் தப்படிக்கிற குழு தெருமுனையில் நிற்கிறது. வயதான ஒருவர், ஒரு அடியிலிருந்து இன்னொரு அடிக்கு மாறும்போது நடுவில் அரை மாத்திரை தூக்கி நிறுத்துகிறார், மற்றவர்கள் அந்தரத்தில் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஸ்ரீரங்கத்துச் சபாவில் இதைச் செய்தால் எடுப்பு மாற்றம் என்று சொல்லி, தெரிந்த நாலு பேர் தலையசைப்பார்கள். இங்கே எவரும் எண்ணவில்லை. பத்தடி தள்ளி, வாடகைக்கு வந்த பாக்ஸ்களில் டிஜே பாட்டு ஆரம்பிக்கிறது, இயந்திரத்தாளம், மாத்திரை பிசகாது. சபாக்காரர் காபிக்குப் போகிறார், முற்போக்காளர் கோஷத்துக்குப் போகிறார். வாசிக்கிறவன் இரண்டு இடத்திலும் தனியாகத்தான் இருக்கிறான்.

சங்கீதமென்றால் ராகம்தான், லயம் அதன் எலும்புக்கூடு, அதைத் தனியே பார்க்க யாருக்குப் பிரியம் என்று ஒரு வித்வாம்ஸர் என்னிடம் சொன்னார். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. 1975-ல் நாற்பத்திரண்டு வயதுக்குள் போய்விட்ட மனிதர். ஒரு இரவு அதைக் கேட்டுவிட்டு அவர் இதைத் திருப்பிச் சொல்லட்டும்.

நான் கேட்பது பெரிய புரட்சியல்ல. இரண்டரை மணிக் கச்சேரியில் தனி கடைசி அரை மணிக்குள் நெருக்கித் தள்ளப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவாருங்கள், முதல் மணி முடிவதற்குள். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு மாலை, பாட்டு இல்லாமல், தோல்வாத்தியங்கள் மட்டும். அதில் தவிலும் இருக்கட்டும், தெருமுனையில் நிற்கும் அந்தத் தப்புக் குழுவும் இருக்கட்டும், மேடைமேல். சம்பளம் பாடகருக்குக் கொடுக்கிற அதே சம்பளம். கச்சேரி நோட்டீசில் ஒலிபெருக்கிக்காரர் பெயர், பந்தல்காரர் பெயர், நன்கொடை கொடுத்த நகைக்கடையின் பெயர் எல்லாம் அச்சாகின்றன. வாசிக்கப்போகும் மிருதங்கத்துக்குத் தோல் பூட்டியவர் யார் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்? அடுத்த வருஷ நோட்டீஸ் அச்சகத்துக்குப் போகும் முன் காரியதரிசிகள் விசாரித்துச் சொல்லட்டும்.