எடை குறைஞ்சா உதை கூடும்

1/ அமெரிக்காவில் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்து, முதல் ரைஃபிள் வாங்கப் போறீங்களா? "மலை ஏற லேசா இருக்கட்டும்" என்று மட்டும் பார்க்காதீங்க.

2/ அதே தோட்டாதான். ஆனா ரைஃபிள் 4 கிலோவில் இருந்து 3 கிலோவானால், பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

3/ தோளில் ரத்தம் கட்டும். ஸ்கோப்பில் கண்ணை ஒட்டி வச்சா புருவம் கிழியும், தையல் போடணும்.

4/ அதைவிட மோசம், உடம்பு அந்த வலியை ஞாபகம் வச்சுக்கும். அடுத்த முறை விசையை இழுக்கும்போதே கண் மூடும், தோள் சுருங்கும். குறி தவறும். மான் காயத்தோடு ஓடி, எங்கேயோ கிடந்து சாகும்.

5/ கனமான ரைஃபிள் சுமக்கச் சிரமம்தான். ஆனா மூச்சுக்கும் கைநடுக்கத்துக்கும் அவ்வளவா ஆடாது.

6/ லேசானதுதான் வேணுமா? மானுக்கு .30-06 எதுக்கு, .243 போதும்.

7/ சுமையைக் குறைக்கணும்னா, முதல்ல முதுகுப்பையில் குறைங்க.